உரிவிசை

கதவில் என் பெயருக்குக் கீழே
'புத்தாக்கத் தலைவர்' என்று எழுதியிருக்கிறது.
உள்ளே வந்தால் ஹெரிங் மீன் வாடை,
ஒரு தண்ணீர்த் தொட்டி,
மூடியை இழுத்து இழுத்து எண் சொல்லும் ஓர் இயந்திரம்.
வேறு மகிமை ஒன்றும் இல்லை.

கிளைபேடா துறைமுகத்தின் மூடுபனி
ஜன்னலில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு காலை
ஐந்து பேரை மேசையைச் சுற்றி உட்காரவைத்தோம்.
ஆளுக்கொரு கிண்ணம்: மீனும் பீட்ரூட்டும்.
"திறங்கள்" என்றாள் ஐஸ்தே.
சோதனை அவ்வளவுதான்.

இரவுப் பணி முடித்து வந்த செவிலி
நகத்தை உடைத்துக்கொண்டாள்.
ஏழு வயது கயுஸ் பல்லால் கடித்தான்
(படிவத்தில் பல்லுக்குக் கட்டம் இல்லை).
கப்பல் தளத்தில் பற்றவைக்கும் ஜிக்மாஸ்,
அதிரும் கருவிகளைப் பிடித்துப் பிடித்து
விரல்நுனி மரத்துப்போனவர்,
நான்காம் முயற்சியில் கிண்ணத்தைத் தள்ளிவைத்தார்:
"தண்ணீர் புகாமல் மூடுவதற்கு எனக்குச் சம்பளம்.
உங்களுக்கும் அதற்குத்தானா?"

இருபத்துமூன்று நியூட்டன், என்றது இயந்திரம்.

வெப்பத்தைக் குறைத்தோம். ஒட்டு இளகியது.
பன்னிரண்டு.
கைதட்டினோம், கேக்கும் வெட்டினோம்.
அதே வாரம் ஷவுலே போகும் சாலையில்
குலுங்கிக் குலுங்கிப் போன லாரிக்குள்
கிண்ணங்கள் தாமாகவே வாய் திறந்தன.
கதவிடுக்கில் சிவப்பாய் ஏதோ ஒழுகுவதைப் பார்த்து
பின்னால் வந்த கார்க்காரர்
போலீசை அழைத்துவிட்டார்.

சிரிக்கலாம். நானும் பிறகு சிரித்தேன்.
அன்றைக்கு ரப்பர் கையுறையோடு
இரண்டாயிரத்து முந்நூறு கிண்ணங்களை எண்ணினேன்.
திறக்கக் கூடாதபோது திறக்காமலும்
திறக்க வேண்டியபோது முரண்டு பிடிக்காமலும் இரு என்று
மனிதரிடமே கிடைக்காத ஒரு குணத்தை
நாற்பது மைக்ரான் படலத்திடம்
கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எட்டு வாரம் பித்தளைத் தாடையைச் செதுக்கினோம்.
சுற்றிலும் பழைய வெப்பம், பழைய பிடி;
ஒரே ஒரு மூலையில் மட்டும்
ஒட்டுக்கோடு ஆப்பு போலக் கூராகும்.
இழுப்பவரின் பலமெல்லாம் அந்த முனையில் போய்க் குவியும்.
முனை விட்டுக்கொடுத்தால்
மற்றதெல்லாம் பின்னாலேயே வந்துவிடும்.

கூட்டத்தில் இயக்குநர் கேட்டார்:
"எதிர்க் கம்பெனிக்காரன் கிண்ணம்
போனில் காட்டினால் பேசுகிறது.
நீங்கள் என்ன வைத்தீர்கள்?"
ஒரு மூலை, என்றேன்.
"படத்தில் தெரியுமா?"
தெரியாது.
குறிப்பேட்டில் அவர் வரைந்தது பூஜ்யம் போலிருந்தது.
கிண்ணமாகவும் இருக்கலாம்.

ஜூனில், ஸ்மில்தினே போகும் படகில்
எதிர் இருக்கையில் ஒரு பெண்.
தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு
வீட்டுக்காரரோடு வாடகைச் சண்டை.
சண்டையை நிறுத்தாமல், குனிந்துகூடப் பார்க்காமல்
எங்கள் கிண்ணத்தின் மூலையை இரண்டு விரலால் இழுத்தாள்.
சர்ர்ர்.
இரண்டு வருடம், அரை நொடி.
எழுந்துபோய் அவள் கையைக் குலுக்கலாமா என்றிருந்தது.

அவள் மூடியை நக்கினாள்.
காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போய்க் காயலில் போட்டது.
மிதந்தது.
மிதக்காமல் என்ன செய்யும்?
சொட்டு நீரும் ஊறாதபடி அதைச் செய்தவள் நான்தானே.
கரை தொடும்வரை அந்த வெள்ளிச் சில்லு
எங்கள் பின்னாலேயே வருவது போலிருந்தது,
வீட்டு விலாசம் தெரிந்த கடன்காரனாய்.

திங்கட்கிழமை வெண்பலகையில் எழுதினேன்:
திறக்க வேண்டும். கழன்று போகக் கூடாது.
கடைசி மூன்று மில்லிமீட்டர்
என்ன இழுத்தாலும் விடக் கூடாது.

ஐஸ்தே படித்தாள், ஒன்றும் சொல்லவில்லை.
தொட்டியில் தண்ணீர் மாற்றப் போனாள்.
ஜிக்மாசுக்குப் போன் செய்து
உங்கள் கைகள் மறுபடியும் வேண்டும் என்றேன்.
பின்னணியில் இரும்பை அறுக்கும் சத்தம்.
"வருகிறேன்" என்றார்,
"இந்தத் தடவையும் பீட்ரூட்தானா?"